இரும்பு நாட்டில் இரத்தத்தின் வறுமை

இரத்தசோகை நோய்க்கு அரபு மொழியில் ‘ஃபக்ருத் தம்’ என்று பெயர். ‘ஃபக்ர்’ என்பது வறுமை. ‘தம்’ என்பது இரத்தம். இரத்தத்தின் வறுமை என்பது அதன் நேர்ப்பொருள். நம் தமிழிலோ இந்நோயை வெளுப்பு என்றும் பாண்டு என்றும் வழங்குவர். தமிழ்ப் பெயர்கள் நோயாளியின் நிறத்தைக் காட்டுகின்றன. அரபுப் பெயர் நோயின் உள்நிலையைக் காட்டுகிறது. வறுமை என்பது பொருளே இல்லாமை மட்டுமன்று. ஊரில் பொருள் நிறைந்திருந்தும் அது நம் வீட்டு வாசலுக்குள் வந்து சேராமையும் வறுமையே. இவ்வுண்மைக்குச் சேலம் நாட்டைக் காட்டிலும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. அங்கே மண்ணிலும் மலையிலும் இரும்பு கொட்டிக் கிடக்கிறது. ஆயினும் அந்நாட்டுத் தாய்மார்களின் இரத்தத்தில் அது போதிய அளவில் இல்லை. ஏன் இந்த முரண் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

மலையடியில் இரும்பு

சேலம் நகருக்கு வடக்கே சேர்வராயன் மலை எழுந்து நிற்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திற்குச் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து அமைந்த பெயர் அது. மலையின் மேல்தட்டுகளில் அலுமினியத்துக்கு மூலமான பாக்சைட் கனிமம் கிடைத்தது. அம்மண்ணுக்குச் செந்நிறம் தந்தது அதில் கலந்துள்ள இரும்புத் துருவே. மலைக்குக் கீழே, சேலத்திற்குத் தென்மேற்கில், கஞ்சமலை இருக்கிறது. காந்தத்தால் ஈர்க்கப்படும் உயர்ந்த இரும்புத் தாது நிறைந்த மலை அது.

இந்நாட்டுக் கொல்லர்கள் அத்தாதுவை உருக்கி எஃகு செய்த முறையைப் பிற்காலத்து ஆங்கிலேயர் வியந்து எழுதி வைத்தனர். இரும்புத் துண்டுகளுடன் காய்ந்த ஆவாரங்கட்டைச் சிராய்களைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, மண் மூசையில் அடைத்து, துருத்தி ஊதி உருக்குவர். ‘உக்கு’, ‘உருக்கு’ என்னும் தென்னாட்டுச் சொற்களே மேனாட்டார் நாவில் ‘வூட்ஸ்’ ஆயின என்பர் அறிஞர். அரபு மொழியில் ‘முஹன்னத்’ என்றால் இந்திய எஃகால் ஆன வாள். ஒன்பதாம் நூற்றாண்டின் தத்துவ மேதை அல்கிந்தி வாள்களைப் பற்றியே தனி நூல் இயற்றி, அவற்றுள் இந்திய வாள்களையும் சரந்தீப் வாள்களையும் வகைப்படுத்தினார். நம் தென்னாட்டு எஃகு அரபுக் கவிதையிலும் போர்க்களத்திலும் பெயர் பெற்றிருந்தது என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

கும்பினி அரசாங்கத்தில் பணிபுரிந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-களில் சேலத்து இரும்பைக் கொண்டு பெருந்தொழில் நடத்த முனைந்தார். அவர் உலை அமைத்த இடம் எது தெரியுமா? நம் சமுதாயத்தார் மஹ்மூது பந்தர் எனப் போற்றும் பரங்கிப்பேட்டை! சேலத்துத் தாது கடற்கரைக்குச் சென்றது. காட்டு மரங்கள் கரியாகி உலைக்கு இரையாயின. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே அவ்வுலைகள் அணைந்தன. பின்னர் 1970-இல் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலைக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்து எவர்சில்வர் தகடுகள் வெளிவரலாயின. இவ்வெவர்சில்வரைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

குருதியில் இரும்பு

திருமறையின் 57-ஆவது அத்தியாயம் ‘அல்ஹதீத்’ என இரும்பின் பெயரையே தாங்கி நிற்கிறது. இரும்பின் வலிமையையும், மக்களுக்கு அதனால் விளையும் பயன்களையும் அது ஒருங்கே நினைவூட்டுகிறது. வலிமை என்றால் நமக்கு வாளும் கேடயமும் நினைவுக்கு வருகின்றன. பயன் என்றால் ஏரும் அரிவாளும் நினைவுக்கு வருகின்றன. நம் நாடி நரம்புகளில் ஓடும் இரும்போ பலருக்கு நினைவில் இல்லை.

1740-களில் இத்தாலியின் பொலோனா நகரத்து வைத்தியர் வின்சென்சோ மெங்கினி, உலர்த்தி எரித்த இரத்தத்தின் பொடியில் காந்தமேற்றிய கத்தியைக் காட்டினார். பொடியின் துகள்கள் கத்தியில் ஒட்டிக் கொண்டன. குருதியில் இரும்பு உண்டு என்பது கண்கூடாயிற்று. 1832-இல் பிரெஞ்சு வைத்தியர் பிளோ என்பார் இரும்பு உப்பைக் கொண்டு மாத்திரை செய்து, வெளுத்துப்போன இளம்பெண்களுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். அவர் கையாண்ட உப்பு, நம் நாட்டு மருந்துக் கடையில் ‘அன்னபேதி’ என வழங்குவதேயாகும். சித்த வைத்தியத்தில் அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும், யூனானியில் குஷ்தா ஃபவ்லாதும் கப்ஸுல் ஹதீதும் சோகைக்கு மருந்தாக வழங்கி வந்துள்ளன. கருவியும் கணக்கும் இல்லாத காலத்திலேயே இரும்பு வெளுப்பைப் போக்கும் என்பதை வைத்தியர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர்.

வளர்ந்த மனிதர் ஒருவரின் தேகத்தில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம் வரைதான். ஓர் ஆணி செய்யப் போதுமான அளவு! அதில் மூன்றில் இரு பங்கு இரத்தத்தின் சிவப்பணுக்களில், ஹீமோகுளோபின் என்னும் பொருளில் அமைந்து, நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இந்த இரும்பை வேண்டும்போது வெளியேற்றும் வழி மனித உடலுக்கு இல்லை என்பதை மக்கான்ஸ், விடோவ்சன் என்னும் இரு ஆங்கில ஆய்வாளர்கள் 1937-இல் நிலைநாட்டினர். இருப்பதைச் சேமிப்பதும், உள்ளே வருவதை வாசலிலேயே அளந்து விடுவதுமே உடல் கையாளும் முறை. நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரைதான் குடல் வாசல் வழியே இரத்தத்தில் சேர்கிறது.

ஆணுக்கு இக்கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும். பெண்ணுக்கு அப்படியன்று. மாதந்தோறும் இரத்தம் இழக்கிறாள். கருவுற்றாலோ, அக்காலம் முழுமைக்கும் அவளுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு ஏறத்தாழ 1 கிராம். அதாவது உடலின் மொத்த இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு நிகரான இரும்பை ஒன்பது மாதத்தில் அவள் திரட்டியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி, ஆணின் அன்றாட ஆகாரத்தில் 19 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். பெண்ணின் ஆகாரத்திலோ 29 மில்லிகிராம். ஆணைவிடக் குறைவாக உண்பவளுக்கு ஆணைவிட மிகுதியான தேவை. நம் வீடுகளின் வழக்கம் இதற்கு நேர் எதிராக அல்லவா இருக்கிறது?

கோஷா ஆஸ்பத்திரியின் பாடம்

இங்கே நம் சமுதாயத்தாருக்கு மிக நெருங்கிய வரலாறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண் வைத்தியர் பார்க்கக் கூடாதென்று பிரசவ வேதனையிலும் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்மக்களுக்காகச் சென்னையில் 1885-இல் ஒரு மருத்துவமனை தோன்றியது. உயர்சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாவில் இருந்த முஸ்லிம் பெண்களுக்கும் உரியது அது. இப்போது திருவல்லிக்கேணியில் அரசினர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்கும் அதனை மக்கள் இன்னும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கின்றனர்.

பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த பெண்களைக் கர்ப்ப காலத்தில் கொடிய சோகை வாட்டியது. அதை ஆராய லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-இல் இந்தியா வந்தார். பம்பாயிலும், நீலகிரியின் குன்னூரிலும், 1931-இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்தார். நோயாளிகளின் இரத்தத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்பதையும் பார்த்தார். பம்பாயில் அவர் கண்டது நம் நெஞ்சைச் சுடுவது: ஆகாரம் மிகக் குறைவுபட்டிருந்தவர்களும் சோகைக்கு மிக எளிதில் ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே!

அவர் ஆராய்ந்த சோகை இரும்புக் குறைவால் மட்டும் வந்ததன்று. மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அது தீர்ந்தது. அச்சாற்றில் மறைந்திருந்த சத்தே ஃபோலிக் அமிலம் எனப் பிற்காலத்தில் அறியப்பட்டது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் வேறு வேறு பொருள்கள். ஆனால் இரண்டும் பெரும்பாலும் ஒரே தட்டில்தான் குறைவுபடுகின்றன. இன்று அரசு நலவாழ்வு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு 180 நாட்கள் கொடுக்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் உண்டு. ஃபோலிக் அமிலமும் உண்டு. அம்மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கும் குடும்பங்கள், அதில் பாதி மருந்து நம் கோஷாப் பெண்களின் துயரத்திலிருந்து கண்டறியப்பட்டது என்பதை அறிவார்களா?

காபியும் கனியும்

மீண்டும் ஏற்காட்டிற்கு வருவோம். அம்மலையின் பெருமைகளுள் தலையாயது காபி. யமன் நாட்டின் சூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருப்பதற்காக அருந்திய பானம் அது. ‘கஹ்வா’ என்னும் அரபுச் சொல்லே காபி ஆயிற்று. பாபா புதன் என்னும் பெரியார் பதினேழாம் நூற்றாண்டில் யமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சேர்வராயன் மலையில் 1820-களில் அதைப் பயிரிடச் செய்தவர் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன்.

காபியில் தீங்கில்லை, அதை அருந்தும் நேரத்தில்தான் தீங்கு. 1983-இல் வெளியான ஓர் ஆய்வு, இறைச்சி உணவுடன் ஒரு கோப்பை காபி அருந்தினால் உடல் ஏற்கும் இரும்பு நூற்றுக்கு 39 பங்கு குறைகிறது என்றும், தேநீர் அருந்தினால் 64 பங்கு குறைகிறது என்றும் காட்டியது. உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னர் அருந்திய காபியால் இக்குறைவு நேரவில்லை. உண்ட பின் ஒரு மணி நேரம் கழித்து அருந்தினாலோ, உடன் அருந்தியதைப் போலவே இரும்பு தடைபட்டது. காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் வாசலிலேயே நிறுத்தி விடுகின்றன.

அதே ஏற்காட்டு மலையில் ஆரஞ்சும் கொய்யாவும் விளைகின்றன. இவற்றிலுள்ள வைட்டமின் ‘சி’, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைக் கரைத்து உடலுக்குள் அனுப்ப உதவுகிறது. வாசலை அடைப்பதும் திறப்பதும் ஒரே மலையில் அருகருகே விளைவது இறைவனின் படைப்பில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தியன்றோ?

தோட்டங்களில் இன்னொரு திருடனும் உண்டு. கொக்கிப்புழு என்னும் அது, ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். அவ்வினத்துள் கொடிய வகையின் ஒரு புழு நாளொன்றுக்கு 0.2 மில்லி லிட்டர் வரை இரத்தம் இழக்கச் செய்யும். இருபது புழுக்கள் இருந்தால் 4 மில்லி லிட்டர். அதில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் இரும்பு. குடல் ஒரு நாள் முழுதும் அரும்பாடுபட்டுச் சேர்ப்பது அவ்வளவுதானே! இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரைச் சூறையாடிய இப்புழுவை எதிர்த்து ராக்ஃபெல்லர் அறநிறுவனம் 1916 முதல் இயக்கம் நடத்தியது. காலணியும் கழிப்பறையும் இங்கே இரும்பு மருந்துக்கு நிகரானவை.

கூழும் சட்டியும்

சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தார் அல்லர், மலையை ஆள்பவர் என்னும் பொருளில், தமிழ் பேசும் மக்கள் அவர்கள். சாமையும் கேழ்வரகும் அவர்தம் பழைய ஆகாரம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 4.6 மில்லிகிராம் இரும்பும், கம்பில் 6.4 மில்லிகிராமும் உண்டு. தீட்டிய அரிசியிலோ ஒரு மில்லிகிராமும் இல்லை. கேழ்வரகின் இரும்பையும் பைட்டேட் என்னும் பொருள் பிணைத்து வைத்திருக்கும். தானியத்தை முளைகட்டினாலும் மாவைப் புளிக்க வைத்தாலும் அப்பிணைப்புத் தளரும். புளித்த கூழ் ஏழையின் உணவு என்று இகழப்பட்டது. ஆனால் அதைச் செய்த கை அறிவுள்ள கை. மலையிலும் சமவெளியிலும் வெள்ளைச் சோறு மரியாதையின் அடையாளமாயிற்று. கூழ்ப்பானை பரணுக்குப் போயிற்று.

அதனோடு இரும்புச் சட்டியும் போயிற்று. எவர்சில்வரைப் பற்றி மீண்டும் பேச வேண்டும் என்றோமே, அது இதற்காகத்தான். நபித்தோழர்கள் முதன்முதலில் ஹிஜ்ரத் செய்த ஹபஷா நாடு இன்று எத்தியோப்பியா எனப்படுகிறது. அங்கே குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 1999-இல் வெளியாயிற்று. இரும்புப் பாத்திரத்தில் சமைத்து ஊட்டப்பட்ட குழந்தைகளின் இரத்தநிலை, அலுமினியப் பாத்திரத்தில் சமைத்து ஊட்டப்பட்ட குழந்தைகளின் நிலையைக் காட்டிலும் மேம்பட்டிருந்தது. புளிக்குழம்பு இரும்புச் சட்டியில் கொதிக்கும்போது சட்டியின் இரும்பு சிறிது சிறிதாகக் குழம்பில் இறங்குகிறது. துருப்பிடிக்காத எவர்சில்வர் அவ்வாறு தாராளமாகக் கொடுப்பதில்லை. இரும்பு மலையின் அடிவாரத்திலிருந்தே எவர்சில்வர் புறப்பட்டது காலத்தின் விளையாட்டு.

நம் வீட்டுத் தட்டு

1970-இல் மத்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2018-இல் ‘இரத்தசோகையற்ற இந்தியா’ என்னும் இயக்கம் வந்தது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர் எனத் தெரிந்தது. தமிழ்நாட்டில் 53 பேர். பாதிக்கு மேல்! இதை அரசாங்கத்தின் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு வீட்டின் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? குர்பானி நாளில் ஈரல் முதலில் வதங்கும். ஆண்களும் விருந்தினரும் உண்பர். உம்மா கடைசியில் அமர்வார். ஆணமும் சோறும் மிஞ்சும். ஓடும் இரத்தத்தை நமக்கு விலக்கிய மார்க்கம் கல்லீரலையும் மண்ணீரலையும் ஆகுமாக்கி வைத்திருக்கிறது. சுவரொட்டி என நாம் சொல்லும் ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவில் இரும்பு உண்டு. இறைச்சியின் இரும்பில் நான்கில் ஒரு பங்கு வரை உடல் ஏற்கிறது. கீரை, தானியத்தின் இரும்பிலோ பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கும் சேர்வதில்லை. அவ்வாறாயின் மாதந்தோறும் இரத்தம் இழப்பவளுக்கு அல்லவா அத்துண்டு முதலில் சேர வேண்டும்? கர்ப்பிணிக்கு ஈரலை மட்டும் அளவோடு தருக; அதில் மிகுந்துள்ள வைட்டமின் ‘ஏ’ கருவுக்கு ஏற்றதன்று.

நோன்பு காலத்தில் இஃப்தார் முடிந்ததும் தேநீர், சஹர் உண்டதும் தேநீர் என்பது நம் பழக்கம். நோன்பு திறக்கும்போது தேநீருக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு அருந்தி, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வைப்பது கடினமன்று. சஹரில் அதை விட்டுவிடுவதே நலம். பேரீச்சம்பழம் இரத்தம் ஊறச் செய்யும் என்பது பரவிய நம்பிக்கை. அது சுன்னத்தான, சக்தி தரும் கனி. ஆயினும் 100 கிராமில் அதன் இரும்பு ஒரு மில்லிகிராம் அளவே. சோகைக்கு அதையே மருந்தாக நம்பி இருந்துவிடலாகாது. தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அச்சலுகையைப் பயன்படுத்துபவளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளுப்பெல்லாம் இரும்புக் குறைவன்று. தலசீமியா என்னும் பரம்பரை நோயுடையோருக்கு இரும்பு உடலில் தேங்கி, இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி. ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை, பின்னரே மருந்து. ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12 கிராமும், கர்ப்பிணிக்கு 11 கிராமும் (கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் 10.5 கிராமும்) குறையாதிருக்க வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அளவு.

ஓதும்போது மூச்சு வாங்கும் சிறுமியைச் சோம்பேறி என்கிறோம். படியேறக் களைக்கும் மருமகளைச் செல்லம் என்கிறோம். அவர்களின் கண்ணிமையைத் தாழ்த்தி உள்நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தோமா? கஞ்சமலையின் இரும்பு கடல் கடந்து வாளாயிற்று; உருக்காலையில் தகடாயிற்று. நம் பெண்மக்களின் குருதிக்கு அது வந்து சேர மலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. பரிமாறும் வரிசையை மாற்றினால் போதும்; தேநீர்க் கோப்பையைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும்; அலமாரியிலுள்ள மாத்திரை வயிற்றுக்குப் போனால் போதும். குடும்பத் தலைவர்கள் தங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாளை மறுமையில் வினவப்படுவார்கள். அவ்வினாவில் அவர்கள் உண்ட தட்டும் அடங்கும் என்பதை மறவாதிருப்போமாக. வல்ல நாயன் நம் இல்லங்களின் இந்த வறுமையை நீக்கி, நம் தாய்மார்க்கும் மக்களுக்கும் நிறைந்த ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.